நோம்பிக்கு வந்த உப்பில்லாக் கொழுக்கட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்தே ஓட்டிவிட்டேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மறுபடி மூடி வைத்துவிடுவேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் எழுதினால் பிழை வருமே என்ற கூச்சம் இருந்தது உண்மைதான். ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை. எங்கள் வளவில் ஒரு தை மாதம் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது ஒரு விரதமாகவே ஆகிப்போனது. பிள்ளை வேண்டும் என்கிற பெண்கள் சிலர் மாட்டுப் பொங்கலன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கிறார்கள். நம்பி இருக்கிறவர்களிடம் போய் ‘அது அப்படி இல்லீங்க’ என்று சொன்னால் தெய்வ குற்றம் ஆகுமோ என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் தெளிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் துடியலூருக்குப் பக்கத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் பொது வாசல், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், ஒரே கிணறு. பெரும்பாலும் மில் வேலைக்காரர்களின் குடும்பங்கள். என் வீட்டுக்காரரும் நூல் மில்லில்தான் வேலை. வளவுக்குச் சொந்தக்காரி ஒரு நாயுடு அக்கா. அவர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், வாசலுக்கு வந்தால் எங்களைவிட நன்றாக எங்கள் பேச்சைப் பேசுவார். பின்பக்கம் ஒரு பசு வைத்திருந்தார். அந்த வருடம் அது ஒரு காளைக் கன்று போட்டிருந்தது.

ஐப்பசி மழையோடு ஒரு புதுக் குடித்தனம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவளுடைய புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்டு. எங்களுக்கெல்லாம் அவள் ‘தெக்கத்தித் தங்கச்சி’ ஆனாள். மெலிந்த உடம்பு, பேச்சு குறைவு. சிரித்தால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். ஒருநாள் துவைக்கிற கல்லில் வைத்து என்னிடம் சொன்னாள். இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் பாதியில் போய்விட்டதாம். இப்போது மூன்றாவது. ஐந்து மாதம் தாண்டிவிட்டது. “இதுவும் போச்சுன்னா எனக்கு ஊருக்குப் போக மொகம் இல்லக்கா” என்றாள். அவள் புருஷனும் ஒருநாள் கிணற்றடியில் தயங்கி நின்று, “மைனி, அவளைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து காலையில் விளக்கேற்றும்போது மருதமலையானிடம் எனக்கென்று கேட்பதற்கு முன்னால் அவளுக்கென்று கேட்பேன்.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் வளவுப் பெண்கள் எல்லோரும் கூடுவது வழக்கம். வாசலில் மண்ணும் சாணியும் குழைத்து, சின்னக் கரை கட்டி, தண்ணீர் விட்டு ஒரு தெப்பக்குளம் செய்வோம். கரையில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகுவோம். பொழுது சாய்ந்ததும் கன்றை அதில் இறக்கி மிதிக்கவிட வேண்டும். அதற்குப் பட்டி மிதிக்கிறது என்று பெயர். கன்று மிதித்துக் கரை உடைந்தால்தான் அன்றைய விசேஷம் நிறைவாகும். அதற்கு முன் பகல் முழுக்கப் பேச்சு, சிரிப்பு, கைவேலை, சாப்பாடு. மில்லில் கழித்துப்போட்ட நூலை மஞ்சளில் முக்கிக் கன்றுக்குக் குஞ்சம் கட்டுவது என் வேலை.

பொங்கலுக்கு முந்தின நாள் நான் அவளைக் கூப்பிடப் போனேன்.

“ஏங் கண்ணு, நாளான்னிக்கு நம்மூட்டுல நோம்பி. வந்துரோணும்.”

“நோம்பாக்கா?”

“ஆமாங் கண்ணு, பட்டி நோம்பி. நம்ம பொம்பளைங்க மட்டுந்தான். ஆம்பளைங்களையெல்லாம் சினிமாவுக்கு முடுக்கி உட்டுருவோம். அன்னிக்கு உன்ற ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கப்படாது, இப்பவே சொல்லிப்போட்டேன்.”

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “இதுக்கு ஒண்ணும் செய்யாதுல்லாக்கா?” என்று கேட்டாள்.

“என்ன செய்யும்? அதுக்கும் சேத்துத்தான் நோம்பி. நல்லதுதான் கண்ணு” என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று காலையில் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, மஞ்சள் புடவையில் வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி. திறந்தால் கொழுக்கட்டை. நாயுடு அக்கா ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்த வாய் அப்படியே நின்றது.

“தேவுடா! ஏம்மிணி, உங்கூர்ல உப்புன்னு ஒரு சாமானே விக்கறதில்லையா?”

அவள் வெட்கப்பட்டு, “இதுக்கு உப்பு போடக்கூடாதுல்லாக்கா” என்றாள்.

“எதுக்குப் போடக்கூடாது?”

“அதான்… இன்னைக்கு” என்று குரலைத் தாழ்த்தினாள்.

“உப்பு வாரது கடல்ல இருந்து. இந்தம்மிணி வந்தது கடலோரத்துல இருந்து. வாரப்ப உப்பைப் பொட்டியில கட்டி வெச்சுட்டு, எடுக்க மறந்துபோட்டுது!” என்று அக்கா சொல்ல, வாசலே சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேங்காய்ச் சட்னியைத் தொட்டு நாங்கள் எல்லாக் கொழுக்கட்டையையும் தீர்த்துவிட்டோம். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பதை யார் கவனித்தார்கள்?

குழைத்த மண்ணில் நாங்கள் கரை கட்டினோம். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தென்னங்குருத்தைக் கிழித்துக் கிளி செய்தாள். இரண்டு மடக்கு, ஒரு இழுப்பு, மூக்கு வந்துவிடும். எங்களுக்கெல்லாம் ஓலையில் தோரணம் கட்டத்தான் தெரியும். அந்தக் கிளிகளைப் பார்த்து அக்கா தன் பெட்டியிலிருந்து ஜரிகைத் துண்டு எடுத்து வந்து கழுத்துக்குக் கட்டினார். பச்சைக் கிளிகள் கரை நெடுக உட்கார்ந்து குளத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.

நடுநடுவே நான் வடையும் பொங்கலும் கொண்டுவந்து நீட்டுவேன். அவள் வாங்கிப் பக்கத்தில் இருக்கிற குழந்தைகள் கையில் கொடுத்துவிடுவாள். “உண்டியா கண்ணு?” என்று கேட்டால், “ஆகட்டும்க்கா, எல்லாரும் சாப்பிடட்டும்” என்பாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் இரண்டு பந்தி நடந்தது. முதல் பந்தியில் நான் பரிமாறினேன், அவள் இரண்டாவதில் உட்காருவாள் என்று இருந்தேன். இரண்டாவதில் அக்கா பரிமாறினார், அவள் முதலிலேயே உண்டுவிட்டாள் என்று இருந்தார். மொச்சைக் குழம்பு அவ்வளவு ருசியாக அமைந்த நாள் அது. அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரும் உண்டார்கள்.

பொழுது சாய்ந்தது. கன்றுக்கு மஞ்சள் குஞ்சம் கட்டி, பொட்டு வைத்து, ஓட்டி வந்தோம். குழந்தைகள் தட்டத்தைக் கரண்டியால் தட்டிக் கூச்சல் போட்டார்கள். கன்று குளத்தங்கரை வரை வந்து நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. அக்கா பின்னால் இருந்து தள்ளினார். அசையவில்லை. “உன்ற அப்பனும் இப்பிடித்தான்டா பிடிவாதக்காரன்” என்று திட்டினார். கன்று கழுத்தை நீட்டி, கரையில் இருந்த ஓலைக்கிளி ஒன்றைக் கடித்து, ஜரிகையைத் துப்பிவிட்டு, நிதானமாக மென்றது.

அதைப் பார்த்து அதிகமாகச் சிரித்தவள் தெக்கத்தித் தங்கச்சிதான். சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்தாள். “அக்கா, கண்ணு இருட்டுதுக்கா” என்றாள். அப்படியே சரிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

குனிந்து பார்த்தேன். அவள் மஞ்சள் புடவையின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு.

முருகா என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நானும் இன்னும் இருவரும் அவளைத் தூக்கி என் வீட்டுக்குள் பாயில் கிடத்தினோம். அடுத்த தெருவில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். யாரோ ஓடினார்கள். பாதிப் பின்னலோடு அவர் வந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, என்னையும் அக்காவையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். புடவையைப் பார்த்தார், தொட்டார், மூக்கருகில் கொண்டுபோனார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆரத்தித் தட்டை வெச்சிருந்தது யாரு?”

அக்கா விழித்தார். கன்றைத் தள்ளும்போதும், அதற்குச் சுற்றுவதற்கென்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைத்திருந்த தட்டு அவர் இன்னொரு கையில்தான் இருந்தது. தங்கச்சி சரிந்த பதற்றத்தில் அதை அவள் புடவை மேலேயே கவிழ்த்திருந்தார்.

“மஞ்சள் வாசம் அடிக்குது. இது ரத்தம் இல்லை” என்றார் நர்ஸம்மா. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் பாதி மூச்சுதான். நர்ஸம்மா நாடி பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

“காலையில இருந்து என்னம்மா சாப்பிட்டே?”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கேக்கறேன் இல்ல?”

“சொல்லக்கூடாதும்மா.”

“எங்கிட்டச் சொல்லலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள், உத்தரவு கேட்கிறதுபோல. பிறகு மெல்ல, “நோம்புல்லாம்மா. பச்சத்தண்ணி குடிக்கல” என்றாள்.

நர்ஸம்மா எங்கள் பக்கம் திரும்பினார். “புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு என்ன நோம்பு வெச்சீங்க?”

“நோம்பிங்கம்மா! பட்டி நோம்பி! பொழுதன்னிக்கும் சோறு உங்கறதுதானுங்க நோம்பி!” என்று நான் கத்திவிட்டேன்.

எங்கள் பக்கம் தீபாவளியும் நோம்பிதான், பொங்கலும் நோம்பிதான். பண்டிகை என்றாலே நோம்பி. உண்ணாமல் இருந்தால் அதை ஒருசந்தி என்போம், விரதம் என்போம். அவள் ஊரில் நோன்பு என்றால் வயிற்றைக் காயப்போடுவது. பெண்கள் மட்டும் கூடிச் செய்கிற நோன்பு ஒன்றும் அங்கே உண்டாம். ஆண்களுக்குத் தெரியக்கூடாது, யாரும் வாய்விட்டுப் பேசக்கூடாது, உப்பில்லாத கொழுக்கட்டைதான் படைக்க வேண்டும். பொம்பளைங்க மட்டுந்தான் என்றேன். அடுப்புப் பற்றவைக்காதே என்றேன். வயிற்றில் இருப்பதற்கும் நல்லது என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் அவளுடைய நோன்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருக்கிறது. நாங்கள் வடை தின்றதைப் பார்க்கவில்லையா என்று பிறகு கேட்டதற்கு, “புள்ள பெத்தவிய எல்லாரும் சாப்பிடலாம் போலன்னு நெனச்சேன்க்கா” என்றாள்.

“எங்க பாஷைல பண்டகன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்போம். உங்க தமிழ்ல கூப்பிட்டுத்தான் இந்த வம்பு” என்றார் அக்கா. சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர்.

நர்ஸம்மா, “குழந்தை அசையுதா?” என்று கேட்டார்.

“மத்தியானத்துல இருந்து தெரியலம்மா.”

“முதல்ல வயித்துக்கு ஏதாவது போகட்டும். அப்புறம் பாக்கலாம்” என்றார் நர்ஸம்மா. நான் பாலில் வெல்லத்தைக் கரைத்துக் கொண்டுவந்தேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

“நோம்பு முடியாமக் குடிச்சா கெட்டுப் போவும்க்கா. ரெண்டு போயிட்டு. இதையும் நானே…”

“இது உங்கூரு நோம்பு இல்ல கண்ணு.”

“இருந்தாலும் மனசுல நேந்துட்டேன்லா.”

நர்ஸம்மா அதட்டிப் பார்த்தார். நடக்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நேர்ந்துகொண்டதை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முருகனுக்கு நேர்ந்ததை நானும் ஒருநாளும் விட்டதில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். “செரி கண்ணு. நீ எங்கூட்டு நோம்பின்னுதானே நேந்தே? எங்கூட்டு நோம்பி எப்ப முடியுதோ அப்பத்தானே உன்றதும் முடியும்?” என்று கேட்டேன்.

யோசித்துத் தலையை ஆட்டினாள்.

“கன்னுக்குட்டி பட்டி மிதிச்சா நோம்பி முடிஞ்சுது. சாமி சத்தியம்.”

சொன்ன பிறகுதான் கன்று மிதிக்கவே இல்லை என்பது நினைவு வந்தது. மிதித்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாமி பேரைச் சொன்ன வாயால் அது வரவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சேலையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

உள்ளே பால் டம்ளரோடு நான். வெளியே அக்காவின் குரல். “வாடா சாமி. வாடா ராசா. ஒரே ஒரு கால் எடுத்து வெய்டா.” தட்டச் சத்தம் இல்லை. குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். “தள்ளாதீங்க, தள்ளாதீங்க! அந்தக் கிளியைக் குடு இங்க!” என்று அக்கா கத்தினார். அவர் ஒரு ஓலைக்கிளியைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தின் அந்தப் பக்கம் போய் நின்றாராம். கன்று கிளியைப் பார்த்ததாம். மூக்கை நீட்டியதாம். எட்டவில்லை. ஒரு கால், இன்னொரு கால்.

சளப்பென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. “மிதிச்சுருச்சு! ஏனுங், மிதிச்சுருச்சு! கரையெல்லாம் ஒடைச்சுப்போட்டுது!” என்று வாசல் முழுக்க ஒரே கூப்பாடு.

அவள் கையை நீட்டினாள். பாலை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். சிறிது நேரம் கழித்துச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து நானே ஊட்டினேன். வாசற்படியில் தலைகளாக நின்றன. நாலைந்து வாய் வாங்கியிருப்பாள். மெல்லுவதை நிறுத்தினாள். என் வலதுகை முழுக்கக் குழம்பு, அதனால் இடதுகையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டு. சின்னதாக, கோபமாக.

“உதைக்குதுங்கம்மா” என்றேன். நர்ஸம்மாவும் கை வைத்துப் பார்த்தார். “பசி அதுக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, அவிழ்ந்திருந்த மீதிப் பின்னலைப் பின்ன ஆரம்பித்தார். அக்கா இடுப்பு வரை சேறோடு உள்ளே வந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நெஞ்சின் மேல் இருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்ததுபோல் இருந்தது. அந்த இலேசு இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

சினிமா முடிந்து ஆண்கள் வந்தார்கள். பெண்கள் எல்லோரும் அழுத முகமும் சிரித்த வாயுமாக நிற்பதைப் பார்த்து அவள் புருஷன் மிரண்டு, “என்ன மைனி?” என்றார்.

“ஒண்ணுமில்லீங் தம்பி. நோம்பி” என்றார் அக்கா.

சித்திரை முடிவதற்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனமான குழந்தை. மருதமலைக்கு நடந்தே போய் விளக்குப் போட்டு வந்தேன். அடுத்த வருடமே அவர்கள் வால்பாறை எஸ்டேட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். கதை மட்டும் இங்கே தங்கிவிட்டது. அதுவும் முழுசாகத் தங்கவில்லை. ‘இரண்டு போனவள் பட்டி நோம்பியன்று பட்டினி கிடந்தாள், மூன்றாவது நின்றது’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. சில வருடம் கழித்து அடுத்த வளவில் ஒரு புது மருமகள் மாட்டுப் பொங்கலன்று கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்துக் கேட்டால், “உங்க வளவுல ஆரம்பிச்ச நோம்பிதானுங்க அக்கா” என்கிறாள். சாமியை நம்பிப் பசித்திருக்கிறவளிடம் என்ன சொல்வது?

போன பொங்கலுக்குத் தெக்கத்தித் தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். பெண் பாவாடை தாவணி போடுகிற வயதுக்கு வந்துகொண்டிருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தபோது நான் இதைச் சொன்னேன். அவள் பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

“என்னக்கா சொல்லுதீய? என்னைப் பாத்தா பட்டினி கெடக்காவ? எம்புள்ள உங்க மொச்சக் கொழம்புலல்லா அசஞ்சுது! அந்த முருகன் எனக்குச் சோறு ஊட்ட உங்களை அனுப்பிச்சான். அதை விட்டுட்டு, நான் பசிச்சுக் கெடந்ததப் புடிச்சுக்கிட்டாவளே.”

மகள் குறுக்கே, “அம்மா, கொழுக்கட்டையில நெசமாவே உப்புப் போடலையா?” என்று கேட்க, அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் தெளிந்தது. அவள் சொன்னது முருகனைக் குறைப்பதில்லை. பட்டினியைக் கேட்டவன் அவன் என்று சொல்வதுதான் அவனைக் குறைப்பது. இத்தனை வருடமும் நான் பயந்தது எதற்கு என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அன்று போலவே நெஞ்சு இலேசானது.

இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களுக்கும், அக்கம்பக்கத்தில் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். ஆரத்தித் தண்ணீரை ரத்தம் என்று நாங்கள் பயந்ததையும், கன்று ஓலைக்கிளியைத் தின்றதையும்கூட அப்படியே சொல்லுங்கள். நடந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் கன்று மிதித்தது. பிறகு அவள் சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் குழந்தை அசைந்தது.